தட்டையை யாரிடம் கடன் வாங்குவது?

தமிழ்நாட்டில் கேட், கிரில் செய்யும் பட்டறைகள் பலவற்றில் மேசையே இருக்காது. தரையில் இரண்டு சேனல் துண்டுகளைப் போட்டு, அவற்றின்மேல் சட்டத்தைக் கிடத்தி, குத்தவைத்து உட்கார்ந்துதான் பற்றவைப்பார்கள். ஆறடிக் கேட்டுக்கு அது சரியான முறைதான். கைப்பழக்கம் ஏறியவருக்கு மூலைமட்டமும் கண்ணும் போதும். ஆனால் வெல்டிங் மெஷின் ஒரு கையால் தூக்குகிற இன்வெர்ட்டர் பெட்டியாகச் சுருங்கிவிட்ட பிறகு, கார் நிறுத்தும் இடத்திலும் மாடிப்படிக்கு அடியிலும் ஆசைக்குப் பற்றவைக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். 2.5 மி.மீ. ராடை 80 ஆம்பியரில் எரித்தால் ஆர்க்கில் செலவாவது 2 கிலோவாட்டுக்கும் சற்றுக் குறைவு. நல்ல ஒயரிங் உள்ள வீட்டில் 16 ஆம்பியர் பிளக்கே தாங்கும். இவர்களுக்குக் கைப்பழக்கம் குறைவு, முதுகுவலி அதிகம். முதலில் செய்துகொள்ள வேண்டியது ஓர் இரும்பு மேசை.

பொருளைத் தாங்குவது வெல்டிங் மேசையின் சின்ன வேலை. பெரிய வேலை, அளவுகோலாக நிற்பது. நான்கு குழாய்களை அதன்மேல் வைத்து சி-கிளாம்ப் போட்டு இறுக்கிப் பற்றவைத்தால், மேசை எவ்வளவு தட்டையோ கிட்டத்தட்ட அவ்வளவு தட்டையாகச் சட்டம் வரும். மேசை கோணலாக இருந்தால் அதில் பிறக்கிற ஸ்டூல் ஒவ்வொன்றும் ஆடும். இங்கேதான் சிக்கல். தட்டையான மேசை செய்ய, முதலில் ஒரு தட்டையான மேசை வேண்டும்!

இந்த முட்டுச்சந்தில் பொறியியலே ஒருகாலத்தில் நின்றது. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், 1840இல் கிளாஸ்கோவில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் கூட்டத்தில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். இரண்டு இரும்புப் பலகைகளில் மை தடவி ஒன்றோடொன்று தேய்த்து, மை ஒட்டிய மேடுகளைச் சுரண்டிக்கொண்டே போனால் இரண்டும் அச்சாகப் பொருந்திவிடும். ஆனால் ஒன்று குவிந்தும் மற்றது குழிந்தும் இருந்தால்கூடப் பொருந்துமே? அதனால்தான் மூன்றாவது பலகை. முதலாவது குவிந்திருந்தால், அதோடு பொருந்தும் மற்ற இரண்டும் குழிந்திருக்க வேண்டும். குழிந்த இரண்டும் தங்களுக்குள் பொருந்தாது. மாற்றியும் திருப்பியும் எந்த ஜோடியைச் சேர்த்தாலும் மூன்றும் பொருந்துகின்றன என்றால், மூன்றுமே தட்டை. யாரிடமும் கடன் வாங்காமல் தட்டையை உண்டாக்கும் வழி இது. எனக்குத் தெரிந்து இவ்வளவு சிக்கனமான தந்திரம் பட்டறை வரலாற்றில் வேறில்லை.

வீட்டு மேசைக்கு அந்த நுணுக்கம் தேவையில்லை. மேல்தகடு முழுவதிலும் அரை மி.மீ., ஒரு மி.மீ. பிசகு இருந்தால் பரவாயில்லை. ஆனால் தந்திரம் உதவும். நேர்விளிம்புள்ள அலுமினியப் பட்டை ஒன்றைத் தரையில் வைத்துக் கோடு கிழியுங்கள். பட்டையைக் கோட்டின் மறுபக்கம் புரட்டிப் போட்டு, அதே விளிம்பால் திரும்பவும் கிழியுங்கள். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் விளிம்பு நேர். நடுவில் இடைவெளி தெரிந்தால், அதில் பாதிதான் விளிம்பின் வளைவு. ரசமட்டத்தையும் இப்படியே முனை மாற்றி வைத்துச் சோதிக்கலாம்.

இனி இரும்பு. 1200-க்கு 600 மி.மீ. அளவில் 10 மி.மீ. பிளேட் எடுத்தால் எடை 56 கிலோவைத் தாண்டும். 6 மி.மீ. பிளேட் 34 கிலோதான். விலையும் எடைக்கேற்பக் குறையும். ஆனால் தகடு வளையாமல் நிற்கும் திறன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது: 6 மி.மீ.யை 12 ஆக்கினால் எடை இருமடங்கு, விறைப்பு எட்டு மடங்கு. காசு மிச்சம் பிடிப்பதானால் கால்களில் பிடியுங்கள், மேல்தகட்டில் வேண்டாம். கால்களுக்கும் சட்டத்துக்கும் 50-க்கு 50, 3 மி.மீ. ஸ்கொயர் டியூப் தாராளம். சுமார் 11 மீட்டர் பிடிக்கும். மீட்டருக்கு 4.3 கிலோ வீதம் அது 47 கிலோ. ஆக மொத்தம் நூறு கிலோவுக்கு மேல். சுத்தியலால் அடிக்கும்போது நகராமல் நிற்க அந்தக் கனம் வேண்டியதுதான்.

பழைய இரும்புக் கடையில் ஜி.ஐ. பைப் மலிவாகக் கிடைத்தால் கவனம். அதன் துத்தநாகப் பூச்சு 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருக 1500 டிகிரி அளவு வேண்டும். பற்றவைக்கிறபோது எழும் வெள்ளைப் புகை அந்தத் துத்தநாகம்தான். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும்.

சட்டம் சேர்க்கும்போது எதிரி வெப்பம். ஒரு மீட்டர் இரும்பு 100 டிகிரி சூடேறினால் 1.2 மி.மீ. நீளும், ஆறினால் பழைய அளவுக்கு வந்துவிடும். அதனால் மட்டும் கோணல் வராது. ராடு பட்ட இடம் மட்டும் செக்கச்சிவந்து விரியப் பார்க்கிறது, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விடுவதில்லை. இளகிய பகுதி போக்கிடமில்லாமல் தனக்குள்ளேயே நசுங்கிக் குட்டையாகிறது. ஆறிச் சுருங்கும்போது, குட்டையான அது அக்கம்பக்கத்தை இழுக்கிறது. பற்றவைத்த பக்கம் நோக்கிக் குழாய் சாய்வது இந்த இழுப்பால்தான். ஆகவே எல்லா மூட்டுகளிலும் முதலில் டேக் எனப்படும் சின்னச் சின்னப் புள்ளி ஒட்டுகள் மட்டும். பிறகு மூலைவிட்டம் அளக்க வேண்டும்: 1200-க்கு 600 சட்டத்துக்கு இரண்டும் 1342 மி.மீ. இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால், நீளமான மூலைவிட்டத்தின் மூலையைத் தட்டிச் சரிசெய்ய இதுவே நேரம். முழு ஒட்டுப் போடும்போதும் ஒரு மூலையில் கொஞ்சம், எதிர்மூலையில் கொஞ்சம் என்று மாறி மாறிப் போக வேண்டும்.

மேல்தகட்டில்தான் புதியவர்கள் உற்சாகம் மிகுந்து கெடுக்கிறார்கள். சட்டத்தோடு அதைச் சுற்றிலும் முழுநீளம் பற்றவைத்துவிடுகிறார்கள். அடிப்பக்கம் சுருங்கி இழுக்க, ஒரு பக்கம் மட்டும் காய்ந்த அப்பளம்போல் தகடு ஒட்டு இருக்கும் பக்கமாக வளைகிறது, நடு மேடிடுகிறது. அதைத் திரும்பத் தட்டையாக்குவது பெரும்பாடு. அடியிலிருந்து போல்ட் போட்டுப் பிடிப்பது எவ்வளவோ மேல். சட்டத்துக்கும் தகட்டுக்கும் இடையே வேண்டிய இடத்தில் மெல்லிய தகட்டுச் செருகல் வைத்து மட்டப்படுத்தலாம். பின்னாளில் கழற்றி மாற்றவும் முடியும். நல்ல வெல்டிங் மேசையில் வெல்டிங் குறைவாகத்தான் இருக்கும் என்பது என் கட்சி.

முறுக்கலைக் கண்டுபிடிக்க நூல் போதும். நான்கு மூலையிலும் ஒரே அளவு நட்டுகளை வைத்து, அவற்றின்மேல் குறுக்காக இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் உரசாமல் தொட்டுக்கொள்ள வேண்டும். மேல்நூலைக் கீழே மாற்றிப் போட்டும் பாருங்கள். ஒரு பக்கமாக மட்டும் பார்த்தால், அழுத்திக்கொண்டு நிற்கும் நூல் பொய் சொல்லும். மேசையின் ஆட்டத்துக்கு மருந்து பாதத்தில்: கால்நுனியில் நட்டைப் பற்றவைத்து அதில் 16 மி.மீ. போல்ட் முடுக்கினால், ஒரு முழுச்சுற்றுக்கு 2 மி.மீ. ஏறும், கால் சுற்றுக்கு அரை மி.மீ. சிமெண்ட் தரை எங்கும் மட்டமாக இருப்பதில்லை.

எர்த் கிளாம்ப் கவ்வும் இடத்தில் பிளேட்டின் கருப்புச் செதிலைக் கிரைண்டரால் நீக்கி வெள்ளி போலாக்குங்கள். தொடுப்பு சரியில்லாவிட்டால் மின்னோட்டம் வேறு வழி தேடும்; மேசைமேல் வைத்த இரும்பு உடல் டிரில்லிங் மெஷினின் எர்த் ஒயர் வழியாகப் பாய்ந்து அதைப் பொசுக்கவும் செய்யும். ராடு எரியாதபோதும் ஹோல்டரில் 60, 70 வோல்ட் நிற்கிறது. வியர்த்து நனைந்த உடம்போடு மேசையில் சாய்ந்துகொண்டு ராடு மாற்றக் கூடாது. காய்ந்த கையுறையும் ரப்பர் காலணியும் கட்டாயம்.

கால்களுக்கு விரும்பிய பெயிண்ட் அடிக்கலாம். மேல்தகட்டுக்குக் கூடாது, பெயிண்ட் மின்சாரத்தைத் தடுக்கும், சூட்டில் புகையும். துருப் பிடிக்காமலிருக்க மழைக்காலத்தில் எண்ணெய்த் துணியால் துடைத்துவைக்கலாம். மறுநாள் பற்றவைக்குமுன் அதை வழித்துத் துடைத்துவிட வேண்டும், இல்லையேல் முதல் ராடிலேயே எண்ணெய்ப் புகை கிளம்பும்.