பழைய பிரிட்டிஷ் பயனெட்டுகள்: முத்திரையும் உறையும் பார்த்து வாங்குவது எப்படி?



நமது இதழில் வழக்கமாக வரி, எடையளவு, உணவுத் தரம், சரக்கு வரத்து ஆகியவை பற்றிய கட்டுரைகளே வெளிவருகின்றன. இம்முறை சற்று மாறுதலாக, ஓய்வு நேர ஈடுபாடு ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். நம் உறுப்பினர்களில் பழைய நாணயம், தபால்தலை, படி, மரக்கால், வெள்ளிக்கோல் சேர்ப்பவர்கள் பலர் உண்டு. நான் நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு மொத்த வியாபாரத்தில் இருப்பவன். மகள் இங்கிலாந்தில் குடியிருப்பதால், அங்கே போகும்போதெல்லாம் பழம்பொருள் சந்தைகளையும் அருங்காட்சியகங்களையும் பார்த்து வருவது என் வழக்கம். அந்தச் சந்தைகளில் நிறையக் கைமாறும் சரக்குகளில் ஒன்று, பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய பயனெட்டுகளும் அவற்றின் உறைகளும் ஆகும். துப்பாக்கிக் குழலின் முனையில் பொருத்தும் கத்திக்குத்தான் பயனெட் என்று பெயர்.

இது நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. அங்கே இப்படிப்பட்ட பொருளை ஆசைப்பட்டு வாங்குவோரும், ஊருக்குக் கொண்டுவர நினைப்போரும் உண்டு. விவரம் தெரியாமல் வாங்கினால் பணம் போகும். சட்டம் தெரியாமல் கொண்டுவந்தால் வம்பு வரும். அசலையும் போலியையும் பிரித்தறியும் முறையோ நமக்குப் புதிதல்ல. மண்டியில் மூட்டையைக் குத்திப் பார்த்துச் சரக்கு எடுக்கும் அதே முறைதான்.

பயனெட் வந்த வழி

பயனெட் என்ற பெயர் பிரான்ஸ் நாட்டின் பயோன் என்ற ஊரிலிருந்து வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 17-ம் நூற்றாண்டில் இருந்த முதல் வகையில், கத்தியின் பிடியைத் துப்பாக்கிக் குழலின் வாய்க்குள்ளேயே தக்கை போலச் செருகுவார்கள். செருகிவிட்டால் சுட முடியாது. 1689-ம் ஆண்டு ஜூலை மாதம் ஸ்காட்லாந்தில் கில்லிகிராங்கி என்ற இடத்தில் நடந்த சண்டையில், அரசுப் படையினர் சுட்டு முடித்துக் கத்தியைச் செருகுவதற்குள் மலைநாட்டு வீரர்கள் வாளோடு பாய்ந்துவிட்டனர். அரசுப் படை தோற்று ஓடியது. குழலின் வெளிப்புறத்தில் வளையம் போல மாட்டும் வகை இதன் பின்னர் பிரிட்டிஷ் படையில் நிலைபெற்றது. வாய் அடைபடாததால் கத்தி மாட்டியிருக்கும்போதே சுடலாம். இந்த வளைய வகையில் அலகு முப்பட்டையாக, ஏறக்குறைய 17 அங்குல நீளத்தில் இருக்கும். இது நூறாண்டுக்கு மேல் வழக்கத்தில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் கையில் இருந்ததும் இந்த வகையே.

வாள் போன்ற அலகும் மரப் பிடியும் உள்ள வகை பின்னாளில் பரவியது. 1888 மாதிரியில் 12 அங்குல அலகு, இரு பக்கமும் கூர். அதன் பின் துப்பாக்கியின் நீளத்தைக் குறைத்தபோது, எதிரியின் நீளத் துப்பாக்கிக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பதற்காகப் பயனெட்டை நீட்டினார்கள். ஜப்பானியரின் மாதிரியைப் பார்த்து 17 அங்குல அலகோடு செய்த அதுதான் 1907 மாதிரி. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் காலாட்படையின் முதன்மையான பயனெட் இதுவே. சந்தையில் இன்று அதிகம் கிடைப்பதும், அதிகம் ஏமாற்றப்படுவதும் இதில்தான்.

முத்திரையைப் படிப்பது

நெய்க்கும் தேனுக்கும் அக்மார்க் எப்படியோ, அப்படியே பயனெட்டுக்கு அலகின் அடியில் அடித்துள்ள முத்திரைகள். அவை விளையாட்டுக்கு அடித்தவை அல்ல. 1885 ஜனவரியில் சூடானில் அபு கிளியா என்ற இடத்தில் நடந்த சண்டையில் பயனெட்டுகள் வளைந்துபோயின என்ற புகார் எழுந்து, லண்டனில் பெரும் சர்ச்சையானது. மட்டச் சரக்கு கொடுத்தால் நம் கடையில் வாடிக்கையாளர் போவார். அங்கே சிப்பாயின் உயிர் போகும்.

1907 மாதிரியில் ஒரு பக்கம் கிரீடமும், அதன் கீழே அரசரின் பெயரெழுத்துகளும், மாதிரி ஆண்டும், செய்த மாதமும் ஆண்டும், ஆலையின் பெயரும் இருக்கும். மறுபக்கம் மூன்று கோடுகளால் ஆன அம்புக்குறி. இது அரசுச் சொத்து என்பதற்கு அடையாளம். பெருக்கல் குறி போன்ற ஒரு முத்திரை, அலகை வளைத்துச் சோதித்துத் தேறியது என்பதற்கு. கிரீடமும் எண்ணும் சேர்ந்த சிறு முத்திரைகள் பரிசோதகர்களுடையவை. இரண்டு அம்புகள் முனையோடு முனை சேர்ந்திருந்தால், அரசு அதைப் பணியிலிருந்து கழித்து விற்றுவிட்டது என்று பொருள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘1907’ என்று இருப்பதைக் காட்டி, அந்த ஆண்டில் செய்தது என்று சிலர் விற்கிறார்கள். அது மாதிரியின் ஆண்டு மட்டுமே. பொட்டலத்தில் நிறுவனம் தொடங்கிய ஆண்டையும், பொட்டலம் போட்ட தேதியையும் நாம் குழப்பிக்கொள்வோமா? செய்த தேதி அதன் கீழே சிறிய எண்களில் இருக்கும். ‘5’ என்றும் ‘17’ என்றும் இருந்தால் 1917 மே மாதம்.

ஆலையின் பெயரும் விலையைப் பாதிக்கும். சவர பிளேடால் நம் கடைகளுக்கு அறிமுகமான வில்கின்சன் நிறுவனம் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட 1907 மாதிரிப் பயனெட்டுகளைச் செய்தது. ஆகவே அது எளிதில் கிடைக்கும். விக்கர்ஸ் செய்தவை மிகக் குறைவு. ஆகவே விலை கூடும். இரண்டாம் உலகப் போரில் வந்த 8 அங்குல ஆணி போன்ற பயனெட்டைச் செய்த நிறுவனங்களில் ஒன்று சிங்கர். ஆம், நம் வீடுகளில் தையல் இயந்திரம் தந்த அதே சிங்கர், ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலையில் செய்தது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கல்கத்தாவை அடுத்த இஷாப்பூர் துப்பாக்கி ஆலையிலும் 1907 மாதிரி செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய 17 அங்குல அலகுகளை இந்தியாவில் 12 அங்குலமாக வெட்டிக் குறைத்தார்கள். இவற்றில் ‘ஆர்.எஃப்.ஐ.’ என்ற ஆலை எழுத்துகளைக் காணலாம். அலகு குட்டையாக இருக்கிறதே, உடைந்ததைத் தீட்டியதோ என்று சிலர் இதை ஒதுக்குகிறார்கள். அது குறை அல்ல. அதுவும் ஒரு தனி வகை.

கொக்கி வைத்த போலி

1907 மாதிரியின் தொடக்கத்தில், பிடிக்கு மேலே உள்ள குறுக்குக் காப்பின் ஒரு முனை கொக்கி போல வளைந்திருந்தது. 1913-ல் கொக்கி வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஏற்கனவே இருந்தவற்றிலும் பலவற்றின் கொக்கியை வெட்டி எடுத்தார்கள். எனவே கொக்கியோடு தப்பியவை குறைவு. விலை சாதாரணப் பயனெட்டைப் போலப் பல மடங்கு. விலை இருக்கும் இடத்தில் கலப்படம் இல்லாமல் இருக்குமா? சாதாரணப் பயனெட்டின் காப்பில் ஒரு கொக்கியைப் பற்றவைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் உண்டு. முதலாவது, தேதி. பிரிட்டிஷ் ஆலையில் 1916 அல்லது 1917-ல் செய்த அலகில் கொக்கி இருந்தால் அங்கேயே கீழே வைத்துவிடலாம். இரண்டாவது, துளை. பிடியின் அடிக்குமிழில், அழுக்கு வெளியேறுவதற்கான சிறு துளை 1916 முதல் போடப்பட்டது. பழையவற்றுக்கும் பழுதுபார்க்க வந்தபோது துளை போட்டார்கள். ஆகவே துளை இருப்பதால் மட்டும் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் “சேனை கை வைக்காத முதல் நிலை” என்று சொல்லி விற்கும் பயனெட்டில் துளை இருந்தால் அந்தப் பேச்சு பொய். மூன்றாவது, பற்றவைத்த தடம். கொக்கி தொடங்கும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், இரும்பின் நிறமும் அரத்தின் கீறலும் மற்ற இடத்திலிருந்து மாறுபட்டுத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் டேராடூன் போன்ற இடங்களில் பழைய ஆயுதங்களின் நகல்களைச் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். நகல் என்று சொல்லி விற்பது நேர்மையான தொழில். அதையே துருப்பிடிக்க வைத்துப் பழையது என்று இன்னொருவர் விற்பதுதான் மோசடி.

உறை இல்லாவிட்டால் பாதி விலை பேசுங்கள்

புதிதாகச் சேர்ப்பவர்கள் அலகையே பார்க்கிறார்கள். அனுபவசாலி முதலில் உறையைக் கையில் எடுக்கிறார். காரணம், இரும்பு நிற்கும், தோல் நிற்காது. சேற்றிலும் மழையிலும் கிடந்த தோல் உறைகள் சுருங்கி, தையல் விட்டு, மட்கிப் போயின. அதனால் அலகுகள் பல, நல்ல உறைகள் சில.

1907 மாதிரியின் உறை தோலால் ஆனது. வாயில் ஓர் எஃகுப் பூண், முனையில் ஓர் எஃகுப் பூண். வாய்ப் பூணுக்குள் உள்ள வில் தகடு அலகை இறுக்கிப் பிடிக்கும். தையல் பின்புறம் ஓடும். உறையின் தோலிலும் செய்தவர் முத்திரையும் ஆண்டும் இருப்பதுண்டு. அலகு 1909, உறை 1940 என்று இருந்தால், இரண்டும் அசலாக இருந்தாலும் பிற்காலத்தில் சேர்த்த ஜோடி. அப்படிச் சேர்த்தது தவறல்ல. சேனையிலேயே பழைய அலகுக்குப் புதிய உறை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் “முதலிலிருந்தே சேர்ந்திருந்த ஜோடி” என்று சொல்லி அதற்கான விலை கேட்டால் கொடுக்கக் கூடாது. அலகைச் செருகும்போது சிரமமில்லாமல் முழுவதும் இறங்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் நழுவி விழக் கூடாது. கீழே மெத்தையான துணியை விரித்துக்கொண்டு இதைச் சோதிக்கவும்.

துலக்கினால் முதல் போகும்

நம் வீட்டில் பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்குவது வழக்கம். பழைய பயனெட்டில் அதைச் செய்யவே கூடாது. உப்புத் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் முத்திரைகள் மழுங்கும். முத்திரை மழுங்கினால் அதன் வரலாறு போயிற்று. வாங்கிய முதலும் போயிற்று. மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, செந்துருவை மட்டும் பொறுமையாக எடுத்தால் போதும். கரும்பழுப்பாகப் படிந்து நிலைத்துவிட்ட நிறத்தை விட்டுவிட வேண்டும்.

இன்னொரு பழக்கமும் கேடு தருவது. அலகைத் தோல் உறைக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது. தோல் ஈரத்தை வாங்கும். பதனிட்ட தோலில் உள்ள அமிலமும் இரும்பை அரிக்கும். நம் கடற்கரை ஊர்களின் காற்றில் கேட்கவே வேண்டாம். அலகையும் உறையையும் தனித்தனியே, அருகருகே வைக்க வேண்டும். பழைய உறைகளில் உள்ள பித்தளைப் பூணில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால், உலர்ந்த துணியாலும் மரக்குச்சியாலும் நீக்கலாம். காய்ந்த தோலில் நிறைய எண்ணெய் ஊற்றினால் அது தளர்ந்து தையல் விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் 18 வயது ஆகாதவருக்கு இதை விற்கக் கூடாது. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் எடுத்துச் செல்வது குற்றம். இந்தியாவில் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின் பட்டியலில் பயனெட் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் இவ்வகை ஆயுதங்களை வைத்திருக்கவே உரிமம் வேண்டும். எனவே வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் முன்பும், வீட்டுப் பரணில் ஒன்று கிடைத்தாலும், நம் பகுதியின் உரிம அதிகாரியிடம் எழுத்து மூலம் விளக்கம் பெற்றுக்கொள்வதே பாதுகாப்பு. பழைய இரும்பு வியாபாரம் செய்யும் உறுப்பினர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மேலும், 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று முக்கியத்துவம் கொண்ட 100 ஆண்டுப் பழமையான பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. முதல் உலகப் போர்க் காலத்துப் பயனெட்டுகள் அந்த வயதைத் தாண்டிவிட்டன.

வாங்கத் தேவையில்லாமல் பார்த்து மகிழ விரும்புவோர், இங்கிலாந்து சென்றால் லீட்ஸ் நகரில் உள்ள ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தைக் காணலாம். சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் காலத்து ஆயுதங்கள் உள்ளன.

இறுதியாக ஒன்று. இது அழகுக்குச் செய்த பொருள் அல்ல. மனிதனைக் குத்துவதற்குச் செய்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டை மதில் மேல் கில்லஸ்பியின் தலைமையில் வெள்ளைச் சிப்பாய்கள் பயனெட் நீட்டிப் பாய்ந்தார்கள். அன்று நம்மவர் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். வெள்ளையர் தரப்பிலும் பலர் உயிரிழந்திருந்தார்கள். ஆகவே இதைச் சேர்ப்பவர் கூடத்தில் மாட்டிப் பெருமை பேசுவதைவிட, எந்த ஆலை, எந்த ஆண்டு, எந்தப் படை என்று குறிப்பேட்டில் எழுதிப் பொருளோடு வைப்பதே முறை. கணக்கு எழுதாத சரக்கு கடையில் இருந்தும் இல்லாதது போல. விவரம் எழுதாத பழம்பொருளும் அடுத்த தலைமுறைக்கு வெறும் இரும்புதான்.