இட்ரியா: ஊருக்கு அடியில் ஒரு பாதரசச் சுரங்கம்

ஸ்லோவேனியா நாட்டின் மேற்குப் பகுதியில், மலைகள் நெருங்கிச் சூழ்ந்த குறுகிய பள்ளத்தாக்கு ஒன்றில் இட்ரியா என்னும் சிறு நகரம் அமைந்துள்ளது. இந்நகரின் வீடுகளுக்கும் தெருக்களுக்கும் நேர் அடியில், 380 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை, பதினைந்து மட்டங்களில் சுரங்க வழிகள் வெட்டப்பட்டுள்ளன. ஐந்து நூற்றாண்டுகளில் தோண்டப்பட்ட அவ்வழிகளின் மொத்த நீளம் சுமார் 700 கிலோமீட்டர். ஸ்பெயின் நாட்டு அல்மதேன் சுரங்கத்திற்கு அடுத்தபடியாக உலகிற்கு மிகுதியான பாதரசத்தை அளித்தது இதுவே. 1995-ஆம் ஆண்டுடன் இதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் இட்ரியாவைப் பற்றி அறிய வேண்டுவன இன்னும் பல உள.

இச்சுரங்கம் 1490-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது என்பது மரபு. மரத்தொட்டி செய்யும் தொழிலாளி ஒருவன், தான் செய்த தொட்டியை ஊற்று நீரில் ஊறவைத்திருந்தபோது, அதனடியில் வெள்ளியென மின்னும் கனத்த துளிகளைக் கண்டான் என்று அவ்வூரார் கூறுவர். 1508-இல் வளமிக்க தாதுப்படுகை வெட்டுப்பட்ட பின்னரே தொழில் வேரூன்றியது.

இருவகைத் தாது

பாதரசத்தின் தலையாய தாது சாதிலிங்கம் ஆகும். தமிழ்நாட்டு மருத்துவ நூல்களும் ஓவியர்களும் நன்கறிந்த அதே செந்நிறப் பொருள்தான் இது. பாதரசமும் கந்தகமும் கூடிய இச்சேர்மத்தில், எடையில் நூற்றுக்கு 86 பங்கு பாதரசம் உள்ளது. செங்காவிக் கல்லையும் சாதிலிங்கத்தையும் கண்ணால் மட்டும் கண்டு வேறுபடுத்துவது எளிதன்று. ஆனால் கையில் எடுத்தால் வேறுபாடு விளங்கும். சாதிலிங்கம் நீரைப்போல் எட்டு மடங்கு கனமுடையது. கத்தி முனையால் எளிதிற் கீறக்கூடிய மென்மையுடையது. மெருகிடாத பீங்கானில் தேய்த்தால் செங்காவிக் கல் பழுப்பு கலந்த சிவப்புக் கோட்டையும், சாதிலிங்கம் பளிச்சென்ற செந்நிறக் கோட்டையும் இடும்.

இட்ரியாச் சுரங்கத் தொழிலாளர் தம் அனுபவத்தால் தாதுக்களுக்குத் தனிப்பெயர்கள் இட்டனர். எஃகின் சாம்பல் நிறமும் பளபளப்பும் உடையது எஃகுத் தாது. எல்லாவற்றிலும் வளமிக்கது இதுவே. ஈரலின் நிறமுடையது ஈரல் தாது. செங்கல்லை ஒத்தது செங்கல் தாது. பண்டைக் கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் பதிந்திருப்பது பவளத் தாது.

இரண்டாம் வகை இதனினும் விந்தையானது. இங்குள்ள கரிய களிப்பாறைகளில் பாதரசம் வேறெதனுடனும் கூடாமல் தனி உலோகமாகவே காணப்பட்டது. பாறையை உடைத்தால் பிளவுகளிலிருந்து வெள்ளித் துளிகள் உருண்டோடும். இவ்வாறு தனிப் பாதரசம் மிகுதியாகக் கிடைத்த சுரங்கங்கள் உலகில் மிகச் சிலவே.

இவ்வூரின் பெயரையே தாங்கிய கனிப்பொருள் ஒன்றும் உண்டு. இட்ரியலைட் எனப்படும் அது உலோகத் தாதுவன்று. கரியும் ஹைட்ரஜனும் மட்டும் கூடிய, தீப்பற்றி எரியும் பொருள். புறஊதாக் கதிரில் அது நீலநிறமாக ஒளிரும். கனிப்பொருள் என்றாலே உப்பு அல்லது உலோகம் எனக் கருதும் மாணவருக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

தாது தோன்றிய வரலாறு

இற்றைக்கு ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முன், டிரயாசிக் காலத்தின் நடுப்பகுதியில், இந்நிலப்பகுதி ஆழமற்ற கடலால் மூடப்பட்டிருந்தது. அப்போது புவியின் மேலோடு இழுபட்டுப் பிளந்தது. எரிமலைகள் சாம்பலைக் கக்கின. ஆழத்திலிருந்து வெந்நீர்க் கரைசல்கள் பாதரசத்தைச் சுமந்துகொண்டு செங்குத்தான பிளவுகளின் வழியே மேலெழுந்தன. செல்லும் வழியில் டோலமைட், சுண்ணாம்புக்கல் ஆகிய பழைய பாறைகளின் வெடிப்புகளில் சாதிலிங்கம் படிந்தது. கரைசலின் ஒரு பகுதி கடலடித் தரை வரை வந்து, அங்குப் படிந்துகொண்டிருந்த கரிய சேற்றுடனும் எரிமலைச் சாம்பலுடனும் கலந்தது. ஆகவே, பாறைக்குப் பின் தோன்றிய தாதுவும், பாறையுடன் ஒருங்கே தோன்றிய தாதுவும் இங்கு ஒரே சுரங்கத்தில் உள்ளன. தனிப் பாதரசம் காணப்படும் களிப்பாறையோ இவற்றினும் தொன்மையானது. அங்குப் பாதரசம் முழுவதையும் பிணைக்கப் போதிய கந்தகம் இல்லாமையே அது தனித்து நின்றதன் காரணம் எனக் கருதப்படுகிறது.

நெடுங்காலத்திற்குப் பின் ஆல்ப்ஸ் மலைத்தொடர் எழுந்தபோது, இப்பாறைகள் மடிந்தும் புரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தள்ளப்பட்டன. இதனால் பல இடங்களில் பழைய பாறை மேலாகவும் புதிய பாறை கீழாகவும் கிடக்கின்றன. இறுதியாக, இட்ரியாப் பிளவு எனப்படும் பெரும் நிலப்பிளவு தாதுப்படுகையையே இரண்டாக வெட்டியது. வெட்டுண்ட சிறு பகுதி, சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் தென்கிழக்கே லியுபெவ்ச் என்னுமிடத்தில் காணப்படுகிறது. திடீரென அறுந்துபோன தாதுப்படுகையை எங்கே தேடுவது என்னும் வினாவிற்கு விடை, பிளவின் இருபுறத்துப் பாறைகளும் எத்திசையில் நகர்ந்தன என்பதை ஆராய்வதில்தான் உள்ளது.

உழைத்தவர் நிலை

தாதுவைச் சூடாக்கினால் கந்தகம் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடிப் பிரிந்து செல்லும், பாதரசம் ஆவியாகும். அவ்வாவியைக் குளிர்வித்தால் உலோகம் கிடைக்கும். முறை எளிது, அபாயமும் அந்த எளிமையிலேயே உள்ளது. பாதரசம் சாதாரண வெப்பநிலையிலேயே சிறிது சிறிதாக ஆவியாகும் இயல்புடையது. அவ்வாவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதை நெடுநாள் சுவாசித்தவருக்குக் கைகால் நடுக்கமும், மிகுதியான உமிழ்நீர்ச் சுரப்பும், பல் ஆட்டமும், மனக்கலக்கமும் உண்டாயின. 1665-ஆம் ஆண்டிலேயே இங்குச் சாதிலிங்கம் வெட்டுவோரின் வேலை நேரம் நாளொன்றுக்கு ஆறு மணியாகக் குறைக்கப்பட்டது. 1754-இல் சுரங்க மருத்துவராகப் பொறுப்பேற்ற ஸ்கோபோலி, தொழிலாளரின் நோய்க்குறிகளை நேரில் ஆராய்ந்து 1761-இல் நூலாக வெளியிட்டார். தொழில்வழி நோய்கள் பற்றிய ஆராய்ச்சியில் அந்நூல் முன்னோடிகளுள் ஒன்றாகும்.

எஞ்சிய கணக்கு

ஐந்து நூற்றாண்டுகளில் இங்கு வெட்டப்பட்ட தாதுவில் ஏறத்தாழ 1,47,000 டன் பாதரசம் இருந்தது எனவும், அதில் சுமார் 1,07,000 டன் மட்டுமே உலோகமாக விற்பனைக்கு வந்தது எனவும் மதிப்பிடப்பட்டுள்ளது. அதாவது, நான்கில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டது புகையாகவும் கழிவாகவும் மண்ணிலும் ஆற்றிலும் கலந்துவிட்டது. தொடக்க காலத்தில் காடுகளில் மண்பாண்டங்களில் இட்டுத் தாது வறுக்கப்பட்ட இடங்களில், இன்றும் மண்ணில் பாதரசம் மிகுந்துள்ளது. இட்ரியா ஆறு சோச்சா ஆற்றில் கலந்து திரியெஸ்தெ வளைகுடாவை அடைகிறது. ஒவ்வொரு வெள்ளமும் பழைய வண்டலைக் கடல் வரை கொண்டு செல்கிறது. அங்கு நுண்ணுயிர்கள் பாதரசத்தின் ஒரு பகுதியை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. அந்நஞ்சு சிற்றுயிர்களிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் செறிவேறிச் செல்லவல்லது.

சுரங்கத்தை மூடுவதும் எளிய செயலாக இல்லை. நீரை வெளியேற்ற 1790-இல் நிறுவப்பட்ட 13.6 மீட்டர் விட்டமுள்ள மரச்சக்கரம் 1948 வரை சுழன்றது. மூடும் காலத்தில், அதே நீர் கீழ் மட்டங்களில் நிரம்புமாறு விடப்பட்டது. மேலே ஊர் இருப்பதால், நிலம் அமிழாதவாறு வெற்றிடங்கள் சிமெண்டுக் கலவையால் இறுக்கப்பட்டன. பழைய வழியொன்று பார்வையாளருக்குத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. 2012-இல் அல்மதேனும் இட்ரியாவும் ஒருங்கே உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டன.

பள்ளிக்கும் களத்திற்கும்

பாதரசத்தின் பயனைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதனை ஏற்றது. அதன்படி, புதிய பாதரசச் சுரங்கங்கள் திறத்தல் ஆகாது. எனினும் பழைய வெப்பமானிகளிலும் காற்றழுத்தமானிகளிலும் பாதரசம் இன்னும் உண்டு. அது சிந்தினால் துடைப்பத்தால் பெருக்குதல் கூடாது. துளிகள் மேலும் சிதறி ஆவியாதல் மிகும். மாணவரை வெளியேற்றி, சாளரங்களைத் திறந்து, கையுறை அணிந்து, கெட்டி அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து, இறுக மூடும் புட்டியில் இடுதல் வேண்டும். கையில் அணிந்துள்ள பொன் நகைகளை முன்னரே கழற்றிவிடுதல் நலம். பொன்னுடன் பாதரசம் உடனே கலந்துவிடும். களத்தில் செந்நிறத் தாது கிடைப்பின், அதனைத் திறந்த அடுப்பில் சூடாக்கிச் சோதித்தல் அறவே தகாது. அதன் கனமும் பீங்கானில் இடும் கோடுமே அதனை இன்னதென அறியப் போதுமானவை.