இரண்டாவது கார் மின்சாரக் காராக இருக்கலாமா?



புதிய வாகனம் வாங்கும் விசுவாசிகள் அதன் சாவியைப் போதகரின் கையில் கொடுத்து ஜெபிக்கும்படி கேட்பது நம் சபைகளில் வழக்கம். நானும் மகிழ்ச்சியோடு ஜெபித்துக் கொடுக்கிறேன். ஆனால் வண்டி வீட்டுக்கு வந்து சேரும் நாளில்தான் போதகருக்கு அழைப்பு வருகிறது. கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் நாளில் ஒருவரும் அழைப்பதில்லை.

அண்மையில் ஒரு குடும்பத்தார் முன்னதாகவே வந்தார்கள். ராமமூர்த்தி நகரில் வாடகை வீடு. சகோதரர் எலக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரிகிறார். வீட்டிலிருக்கும் பெட்ரோல் காரை அவரே எடுத்துச் செல்கிறார். சகோதரி ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளியில் ஆசிரியை. ஒரு மழை இரவில் ஜெபக்கூட்டம் முடிந்து திரும்புகையில், நீர் நிறைந்த பள்ளத்தில் ஸ்கூட்டர் சறுக்கி, பிள்ளையோடு விழுந்துவிட்டார். கர்த்தர் பெரிய காயமின்றிக் காத்தார். ஆகவே இரண்டாவது காராக ஒரு மின்சாரக் கார் வாங்கத் தீர்மானித்திருந்தார்கள். பெட்ரோலில் மிச்சமாகும் பணத்திலேயே தவணையைக் கட்டிவிடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். “ஐயா, ஜெபித்து ஆலோசனை சொல்லுங்கள்” என்றார்கள்.

“ஜெபிக்கிறேன் தம்பி. அடுத்த முறை வரும்போது மின்கட்டண ரசீதையும், இருவரும் ஒரு மாதத்தில் எத்தனை கிலோமீட்டர் பயணிக்கிறீர்கள் என்ற கணக்கையும் கொண்டுவாருங்கள்” என்றேன். சகோதரர் சற்றே திகைத்தார். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவரே போதித்திருக்கிறாரே!

இந்தக் கேள்வி நம் பெங்களூருக்குப் புதிதல்ல. இந்தியாவின் நகர வீதிகளுக்கான முதல் மின்சாரக் கார்களில் ஒன்றான ரேவா இந்நகரத்தில்தான் பிறந்தது. மைனி குழுமம் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1994-இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கியது. 2001-இல் கார் விற்பனைக்கு வந்தது. தொழிற்சாலை பொம்மசந்திராவில் இருந்தது. முன்னே பெரியவர் இருவர், பின்னே சிறுபிள்ளைகள் இருவர், முழுதாக மின்னேற்றினால் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். இரண்டாவது கார் என்பதற்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் இருக்க முடியாது. ஆயினும் அதை இயக்கிய எட்டு ஈய அமில பேட்டரிகளை ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டியிருந்தது. அன்றாடம் மிச்சமானது, பேட்டரி மாற்றும் நாளில் ஒரே தொகையாகக் கரைந்தது.

அதே கார் 2004 முதல் ஜி-விஸ் என்ற பெயரில் லண்டனில் ஓடியது. அங்கே அதை வாங்கியவர்களுக்கு எரிபொருள் மிச்சம் முக்கியமல்ல. 2003 முதல் நகர மையத்துக்குள் நுழையும் கார்கள் நாள்தோறும் நெரிசல் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. மின்சாரக் காருக்கு அக்காலத்தில் அது விலக்கப்பட்டிருந்தது. வேலைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்குப் பணம் மிச்சமாயிற்று. இங்கே அப்படியொரு கட்டணம் இருந்ததில்லை. ஆகவே அந்த லாபமும் நமக்குக் கிடைக்கவில்லை.

இன்று பேட்டரியைக் குறித்த பயம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ரேவா நிறுவனத்தின் பெரும்பங்கை 2010-இல் மஹிந்திரா வாங்கியது. 2013-இல் லித்தியம் பேட்டரியோடு ஈ2ஓ வந்தது. அதன்பின் 2022-இல் டாடா டியாகோவும் 2023-இல் எம்.ஜி. காமெட்டும் வந்தன. இவ்விரண்டின் பேட்டரிக்கும் 8 ஆண்டு உத்தரவாதம் அளிக்கப்பட்டது. இந்த 8 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் அக்குடும்பத்தார் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். சகோதரியின் பயணம் பள்ளி, சபை, கடைவீதி எல்லாம் சேர்த்து மாதம் 300 கிலோமீட்டர். சகோதரருடையது 1,100. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், நகர நெரிசலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர்; மின்சாரம் யூனிட் 7 ரூபாய், மின்னேற்றத்தில் வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டோம். சகோதரியின் 300 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 2,000 ரூபாய், மின்சாரம் 350 ரூபாய். மிச்சம் 1,650. ஆண்டுக்கு ஏறக்குறைய 20,000 ரூபாய்.

சிறிய பெட்ரோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் விலை வித்தியாசம் இரண்டரை லட்சம் என்று கொண்டால், அது திரும்பிவர பன்னிரண்டரை ஆண்டுகள்! பேட்டரியின் உத்தரவாதமோ 8 ஆண்டுகள். குறைந்த தூரம் ஓடும் இரண்டாவது காருக்கு மின்சாரமே ஏற்றது என்று எல்லாரும் சொல்கிறார்கள். தூரத்தைப் பார்த்தால் அது சரிதான். ஆனால் குறைவாக ஓடுவதால் மிச்சமும் குறைவு என்பதை மறந்துவிடுகிறோம்.

“அப்படியானால் வேண்டாமா ஐயா?” என்று சகோதரி வருத்தத்தோடு கேட்டார். நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். மின்சாரக் காரைச் சகோதரர் எடுத்துச்சென்றால்? அவருடைய 1,100 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ஏறக்குறைய 7,300, மின்சாரம் 1,300. மிச்சம் மாதம் 6,000 ரூபாய். மூன்றரை ஆண்டுகளில் அந்த இரண்டரை லட்சம் திரும்பிவிடும். பழைய பெட்ரோல் கார் சகோதரிக்கு. நாகர்கோவிலுக்கு அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டிய கிறிஸ்துமஸ் பயணத்துக்கும் அதுவே இருக்கிறது. வழியில் சார்ஜரைத் தேடும் கவலையில்லை. புதிதாக வருவதே முதல் காராகவும், பழையதே இரண்டாவது காராகவும் வேண்டும்.

சகோதரர் சிறிது நேரம் பேசவில்லை. “மனைவிக்கென்று சொல்லிவிட்டு நானே புதிய காரை ஓட்டினால் சபையில் என்ன நினைப்பார்கள், ஐயா?” என்றார். சகோதரிக்கோ கிளட்சும் கியரும் இல்லாத வண்டி வேண்டும் என்பதே பெரிய ஆசை. இவற்றை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் இவற்றின் விலை ஆண்டுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் என்பதையும் சொன்னேன்.

மின்கட்டண ரசீதைப் பார்த்தபோது வேறொரு காரியம் தெரியவந்தது. 2023-இல் தொடங்கிய கிருஹ ஜோதி திட்டத்தில் இவர்கள் மாதம் 140 யூனிட் கட்டணமின்றிப் பெற்று வந்தார்கள். மாதப் பயன்பாடு 200 யூனிட்டைத் தாண்டினால் அம்மாதக் கட்டணம் முழுவதையும் செலுத்தவேண்டும் என்பது அத்திட்டத்தின் விதி. சகோதரரின் கார் மட்டும் 180 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். இலவசமாயிருந்த 140 யூனிட்டுக்கும் இனி ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். ஆக மிச்சம் 6,000 அல்ல, 5,000 தான். மூன்றரை ஆண்டு நான்கு ஆண்டுக்கு மேலாகிறது. மின்வாகனத்துக்கென்று பெஸ்காமில் தனிக் கட்டண வகை உண்டு. தனி மீட்டர் கேட்கலாம். ஆனால் வாடகை வீட்டில் அதற்கும், கார் நிற்கும் இடத்துக்குக் கம்பி இழுப்பதற்கும் உரிமையாளர் சம்மதிக்கவேண்டும். முன்பணம் கொடுக்குமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கார் வந்தபின் கேட்டால் வீடு மாறவேண்டியிருக்கும்.

சலுகைகளைக் குறித்தும் பழைய செய்திகள் நம்மிடையே உலாவுகின்றன. மின்வாகனக் கடன் வட்டிக்கான வருமான வரிக் கழிவு, 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே. கர்நாடகம் 2016-இல் மின்வாகனங்களுக்குச் சாலை வரியை விலக்கியது. 2024-இல் 25 லட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 10 சதவீதம் விதித்தது. வாங்கும் நாளில் உள்ள விதியை ஆர்.டி.ஓ.வில் விசாரியுங்கள். 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததால், மின்சாரக் காருக்கு 5 சதவீதம் என்ற வரிச் சலுகையின் அனுகூலமும் சுருங்கிவிட்டது. பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் முறையில் காமெட் 2024-இல் 4.99 லட்சத்துக்கு வந்தது, கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய் வாடகை. விலை இனிக்கிறது. ஆனால் மாதந்தோறும் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டருக்குச் செலுத்தவேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்று பத்திரத்தில் படித்துப் பாருங்கள். 300 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது பாரமாகிவிடும்.

இனி தவணை. 7 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு: மாதம் ஏறக்குறைய 14,500 ரூபாய். வட்டி மட்டும் 1,70,000-க்கு மேல். மிச்சமோ, நல்ல கணக்கிலேயே 5,000. பெட்ரோல் மிச்சத்தில் தவணை கட்டலாம் என்ற பேச்சு அங்கேயே விழுந்துபோயிற்று. மீதி 9,500 எங்கிருந்து வரும் என்று கேட்டேன். தங்கையின் திருமணத்துக்கு வாங்கிய கடன் இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது என்பதை அப்பொழுதுதான் சொன்னார். கடன்பட்டவன் கொடுத்தவனுக்கு அடிமை என்ற நீதிமொழிகளின் போதனையைப் பிரசங்கத்தில் பலமுறை கேட்டவர்தான்.

மெட்ரோவையும் நினைவூட்டினேன். 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மஞ்சள் பாதை எலக்ட்ரானிக் சிட்டி வழியாக, பழைய ரேவா தொழிற்சாலை இருந்த பொம்மசந்திரா வரைக்கும் செல்கிறதே. அவர் அதில் சென்றால் வீட்டுக் கார் சகோதரிக்கு ஆகுமே என்றேன். இரண்டு இடங்களில் ரயில் மாறவேண்டும், இரவு ஷிப்ட் முடியும்போது ரயில் இல்லை என்றார். பகல் ஷிப்ட் வாரங்களில் முயன்று பார்ப்பதாக ஒப்புக்கொண்டார்.

முடிவில், தங்கையின் கடன் முடியும்வரை கார் வாங்குவதில்லை என்றும், அத்தவணைக்கு ஈடான தொகையைப் பின்பு முன்பணமாகச் சேர்ப்பது என்றும் தீர்மானித்தார்கள். வீட்டு உரிமையாளரிடம் மீட்டரைக் குறித்துக் கேட்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து திரும்பி வந்து பதில் சொல்வதாகக் கூறியிருக்கிறாராம். சகோதரி மழைநாட்களில் ஸ்கூட்டரை எடுப்பதில்லை, பிள்ளையோடு ஆட்டோவில் செல்கிறார். சென்ற மாதம் அதற்கு 1,900 ரூபாய் ஆயிற்று என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.