ஏப்ரல் ஐந்தா, மே நான்கா?

தமிழ் படித்தவனுக்குக் கணினியில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. பாடசாலையில் அடையாள அட்டை விண்ணப்பப் பொறுப்பு என் தலையில் விழும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மாணவர் விபரங்கள் சீஎஸ்வீ கோப்பாகக் கிடைத்தன. காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்துக் கோப்புத்தான் அது. இரண்டு தரம் கிளிக் செய்து திறந்தேன். திகதியில் மாதப் பெயர் தெரியும்படி அமைத்து அச்சிட்டு, பெற்றோரிடம் சரிபார்க்கக் கொடுத்தேன். ஒரு தாய் வந்தார். "ஸேர், எங்கட மகள் மே நாலில பொறந்தவ. இதில ஏப்ரல் அஞ்சு எண்டு இரிக்கே?"

கோப்பில் 04/05/2008 என்று சரியாகவே இருந்தது. பிழை என்னுடையது. என் கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்க முறையில், மாதத்தை முதலில் வாசிப்பதாக இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை.

இது சின்ன விஷயமல்ல. நமது புதிய அடையாள அட்டை இலக்கத்தின் 12 எண்களில் முதல் 4 பிறந்த ஆண்டு; அடுத்த 3 அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. பெண்களுக்கு 500 கூட்டப்படும். மே 4 என்றால் 625, ஏப்ரல் 5 என்றால் 596. பிறப்புச் சான்றிதழோடு முரண்பட்டு விண்ணப்பம் திரும்பினால் அலைச்சல். திரும்பாமல் போனால் அதைவிட மோசம்.

இத்தகைய பிழை ஏன் கண்ணுக்குப் படுவதில்லை? 25/05/2008 என்பதில் 25ஆம் மாதம் இல்லாததால் மென்பொருள் அதைத் திகதியாக ஏற்காது. எழுத்தாகக் கலத்தின் இடப்பக்கம் விட்டுவிடும். ஆனால் நாள் 12க்குள் இருந்தால் சத்தமில்லாமல் மாற்றி வாசித்து வலப்பக்கம் வைக்கும். 12 மாதங்களிலும் முதல் 12 நாட்கள், மொத்தம் 144. நாளும் மாதமும் ஒன்றான 12ஐக் கழித்தால், ஆண்டில் 132 நாட்கள் இப்படி மாறக்கூடியவை. ஒரே நிரலில் சில திகதிகள் இடமும் சில வலமும் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள்.

வழி இதுதான். லிப்ரே ஆபிஸில் கோப்பைத் திறக்கும்போதே ஒரு பெட்டி வரும். அதில் திகதி நிரலைத் தெரிந்து, வகையை 'டேட் (டீஎம்வை)' என்று கொடுங்கள். எக்செலில் 'டேட்டா' பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சீஎஸ்வீ', பின் 'ட்ரான்ஸ்ஃபோர்ம் டேட்டா'. அங்கு நிரலின் தலைப்பில் வலக் கிளிக் செய்து, 'சேஞ்ச் டைப்', 'யூஸிங் லொகேல்' ஊடாகத் திகதியையும் பிரித்தானிய ஆங்கிலத்தையும் தெரிய வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: இங்கே கேட்கப்படுவது கோப்பில் திகதி எந்த ஒழுங்கில் கிடக்கிறது என்பதையே, நமக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பதை அல்ல.

நாமே கோப்பு தயாரித்தால் 2008-05-04 என ஆண்டு, மாதம், நாள் என்று எழுதுவது நல்லது. ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச நியமம் அதுவே. பழைய இதழ்களைப் பட்டியலிடும் ஆய்வாளருக்கும் ஒரு வார்த்தை: எக்செலின் நாட்கணக்கு 1900 ஜனவரி 1இல்தான் தொடங்குகிறது. சித்திலெப்பை 1882இல் ஆரம்பித்த 'முஸ்லிம் நேசன்' இதழ்களின் திகதிகளை அது திகதியாகக் கொள்ளாது. ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி நிரல்களில் இடுங்கள்.

கடைசியாக, சரிபார்க்கும்போது 25, 30 என்ற நாட்களைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். 12க்கு உட்பட்ட நாளில் பிறந்த இரண்டு மூன்று பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்து ஒப்பிடுங்கள். பிழைத்திருந்தால் மாறியதைத் திருத்த முயலாமல் மூலக் கோப்பையே மறுபடி திறவுங்கள். அதனால் மூலக் கோப்பின் மேல் எதையும் சேமிக்காதீர்கள்.