எம்.எஸ்.வி.யா, இளையராஜாவா? டீக்கடையில் தீராத வழக்கு!

"எம்.எஸ்.வி.யோட பாட்டு போச்சுய்யா! அப்புறம் வந்ததெல்லாம் வெறும் வாத்திய சத்தம்!"

சென்னை டீக்கடையில் இப்படி ஒருவர் ஆரம்பித்தால் போதும். டீ ஆறிவிடும், சண்டை ஆறாது!

1976-ல் 'அன்னக்கிளி' வந்ததில் இருந்து நடக்கும் வழக்கு இது.

"1964-ல் 'புதிய பறவை'க்கு ராமமூர்த்தியோடு சேர்ந்து எம்.எஸ்.வி. வாத்தியங்களைக் குவிக்கலையா? அது மட்டும் சத்தம் இல்லையோ?" என்று மடக்குகிறது எதிர்க்கட்சி.

ரசிகர்கள்தான் மோதுகிறார்கள். 1986-ல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு இருவரும் சேர்ந்தே இசை அமைத்தனர். 2015-ல் எம்.எஸ்.வி. மறைந்ததும், அவருக்காகச் சென்னையில் இசை அஞ்சலி நடத்தியவர் இளையராஜா!

அவர்களே ராசியாக இருந்தபோது இவர்களுக்கு ஏன் ரகளை?

"யார் பெரியவர்னு நாளைக்குப் பார்ப்போம். இப்போ குடிச்ச டீக்குக் காசை வைங்க!" என்கிறார் கடைக்காரர்.