பிஸ்கட்டுக்குள் சுக்குக் காபி!

கேழ்வரகு பிஸ்கட்டில் மிளகா என்று முகம் சுளிப்பவர்களும் சுக்குக் காபியை ரசித்துக் குடிப்பார்கள். கருப்பட்டி, சுக்கு, மிளகு மூன்றும் அதில் கூடிப் பழகியவைதானே! வீட்டில் புதுச்சுவை தேடுபவர்கள் இப்படி நாக்குக்குத் தெரிந்த கூட்டணியில் தொடங்கினால் வெண்ணெய்க் காசு வீணாகாது.

முதல் முறை 100 கிராம் மாவு போதும். கேழ்வரகில் கோதுமையைப் போலப் பசைத்தன்மை இல்லை. தனியாகச் சுட்டால் உதிரும். எனவே 60 கிராம் கேழ்வரகு மாவை வாசம் வர வறுத்து, ஆறியதும் 40 கிராம் கோதுமை மாவு சேர்க்கலாம். 50 கிராம் கருப்பட்டியை 2 மேசைக்கரண்டி நீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்ட வேண்டும். மண் இருந்தால் முதல் கடியிலேயே தெரிந்துவிடும். பாகு ஆறியபின் 50 கிராம் வெண்ணெய், அரைத் தேக்கரண்டி சுக்குத்தூள், கால் தேக்கரண்டி மிளகுத்தூள், சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசைந்து, மெல்லியதாகத் தட்டவும்.

ஓவன் இல்லையா? கனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, அதன்மேல் ஸ்டாண்டு வைத்து, மூடி 10 நிமிடம் சூடேற்றவும். பிறகு தட்டை உள்ளே வைத்துச் சிறுதீயில் 20 முதல் 25 நிமிடம். மாவே கறுப்பாக இருப்பதால் நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்ல முடியாது. ஓரம் கெட்டியானதும் எடுத்துவிட வேண்டும். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். காரம் மறுநாள்தான் முழுதாகத் தெரியும், அதற்குள் மிளகைக் கூட்டிவிடக் கூடாது.

முருங்கைக்கீரைத் தூளுக்கு இனிப்பு அவ்வளவாக ஒத்துவராது. அதற்கு எள்ளும் பூண்டும் போட்ட உப்பு பிஸ்கட்தான் சரி. அதிலும் 100 கிராம் மாவுக்கு ஒரு தேக்கரண்டியைத் தாண்டினால் கசப்பு தட்டும்.