படம் தெரியும், எடுத்தவர் தெரியாது

ஏ.எஸ்.ராவ் நகர்: பத்திரிகையைப் பிரித்ததும் நம் கண் முதலில் படத்தில்தான் விழுகிறது. எடுத்தவர் யாரென்று தேடுவோர் வெகு சிலரே. நேரு புறாவைப் பறக்கவிடும் படத்தைப் பார்த்திராதவர் குறைவு. அதை எடுத்தவர் ஒரு பெண்மணி என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்தான் ஹோமாய் வியாரவாலா. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 1913 டிசம்பர் 9ந் தேதி குஜராத்தின் நவ்சாரியில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை நாடக நடிகர். பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்த ஹோமாய்க்குக் காமிராவைக் கற்றுக்கொடுத்தவர் மானெக்ஷா. பத்திரிகை அலுவலகத்தில் கணக்கு வேலை பார்த்தவர். நம்மில் பலரைப் போலப் பேரேட்டோடு காலம் தள்ளியவர். பின்னர் அவரே கணவரானார்.

ஆரம்பத்தில் ஒரு படத்துக்குக் கிடைத்த கூலி ஒரு ரூபாய். அதுவும் கணவர் பெயரில்தான் வெளிவந்தது. பெண் எடுத்த படத்துக்கு அன்று அவ்வளவுதான் மரியாதை!

1942ல் வேலை நிமித்தம் தம்பதியர் டில்லிக்குக் குடிபெயர்ந்தனர். சேலை உடுத்தி, கனத்த காமிராவைச் சுமந்து சென்ற ஹோமாயைப் பலர் பொருட்படுத்தவில்லை. அதுவே அவருக்கு வசதியாயிற்று. தலைவர்களை அருகிலிருந்து படம் பிடித்தார். 1947 ஆகஸ்ட் 16ல் செங்கோட்டையில் முதன்முதலாகக் கொடியேறியதையும் அவர் காமிரா பதிவு செய்தது.

1948 ஜனவரி 30 அன்று காந்திஜியின் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் புறப்பட்டவர், கணவர் அழைக்கவே திரும்பிவிட்டார். அன்று மாலைதான் அந்தக் கொடுமை நடந்தது. அங்கே இல்லாமற்போன வருத்தம் கடைசிவரை அவரை விட்டகலவில்லை.

'டால்டா 13' என்பது அவரது புனைபெயர். பிறந்தது 1913, கணவரைச் சந்தித்தது 13 வயதில், கார் எண் டி.எல்.டி. 13!

1970ல், புதிதாக வந்த படக்காரர்களின் நடத்தை பிடிக்காமல் தொழிலையே விட்டார். கணவர் மறைந்தார்; 1989ல் ஒரே மகனும் மறைந்தார். வதோதராவில் தனியே, தம் வேலைகளைத் தாமே செய்துகொண்டு வாழ்ந்தார். பத்மவிபூஷண் விருது வந்தது 2011ல். அடுத்த ஆண்டு ஜனவரி 15ந் தேதி, 98 வயதில் காலமானார்.

பெயர் வந்து சேர அத்தனை காலம் பிடித்தது. இன்று நம் வீட்டுப் பெண்கள் கையிலும் காமிராவோடு கூடிய தொலைபேசி இருக்கிறது. சங்க விழாப் படங்களை அனுப்பும் அன்பர்கள், எடுத்தவர் பெயரையும் ஒரு வரி சேர்த்து எழுதினால் என்ன?